ஃப்ளைட் டெஸ்டிங் படிக்கணுமா? எத முதல்ல, எத அப்புறம், எத தொடவே வேணாம்: மலைல இருந்துக்கிட்டே படிக்க ஒரு முழு வழிகாட்டி

கோயம்புத்தூர்ல ஏரோ படிக்கிற பசங்க, ஆர்சி பிளேன் பைத்தியங்க, ஏர்ஃபோர்ஸ் கனவுல இருக்கற ப்ளஸ் டூ புள்ளைங்க, குன்னூர் கோத்தகிரி பக்கம் இந்த மூணு கூட்டமும் என்கிட்ட கேக்கறது ஒரே கேள்விதான், "அண்ணா, ஃப்ளைட் டெஸ்டிங்குக்கு நல்ல புக்கா ஒண்ணு சொல்லுங்க". ஒண்ணு சொல்லி அனுப்பறது ஈஸி. வாங்கிட்டுப் போய் ரெண்டாவது அத்தியாயத்துல ஈக்வேஷன பாத்து மூடி வச்சிடுவாங்க, அப்புறம் அது ஷெல்ஃப்ல தூசி வாங்கும். அதனால புக்கு பேர விட வரிசைதான் முக்கியம்னு நான் சொல்லுவேன், விமானத்த பறக்க வச்சு அளந்து பாக்கற இந்த சப்ஜெக்டுல வரிசை தப்பினா எல்லாமே தப்பும்.

வரிசை எங்க ஆரம்பிக்குதுன்னா ஒரே ஒரு சந்தேகத்துல: மீட்டர் காட்டற வேகமும் உயரமும் நெசமா? ரேஞ்ச், க்ளைம்ப், ஸ்டால் ஸ்பீடு (இறக்கை தூக்கறத விட்டுடற வேகம்), ஸ்டெபிலிட்டி (ஆட்டம் குடுத்தா தானா நெலைக்கு வர்றது) எல்லாம் இதுக்கு மேல கட்டுற மாடிங்க. நெறைய பேர் நேரா ஸ்டெபிலிட்டி, கண்ட்ரோல்னு மேல் மாடிக்கு ஓடிடறாங்க, கேக்க கெத்தா இருக்கும்ல.

இன்னொண்ணு, ஃப்ளைட் டெஸ்ட்னா சினிமால வர்ற மாதிரி குட்டிக்கரணம் போடறதுன்னு நெனச்சிருந்தா இப்பவே ஏமாந்துக்கோங்க. முக்காவாசி வேலை என்னன்னா ஒரே உயரத்துல ஒரே வேகத்துல ஆடாம அசையாம ஓட்டி நம்பர் எழுதறது, அப்புறம் வேகத்த அஞ்சு நாட் (விமானத்துல வேகத்த அளக்கற அளவு) கொறச்சு மறுபடியும் அதே. பொறுமை இல்லாதவங்களுக்கு இது ஆகாது. அதனால கீழ நான் சொல்ற முக்கால்வாசி படியோட கையால செய்யற வேலை ஒண்ணும் வரும், அத செய்யாம அடுத்ததுக்கு தாவாதீங்க.

படிக்கறதுக்கு முன்னாடி: டவுன்லோடு

இந்த ஃபீல்டுல நல்ல சரக்கு பாதிக்கு மேல இலவசம், அமெரிக்க அரசாங்கம் போட்ட ரிப்போர்ட்டுங்க. நாசாவோட டெக்னிக்கல் ரிப்போர்ட்ஸ் சர்வர், அமெரிக்க டிஃபென்ஸோட டிடிஐசி, அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏவோட தளம், நேட்டோவோட சயின்ஸ் அண்ட் டெக்னாலஜி ஆர்கனைசேஷன் தளம், இந்த நாலு போதும். ஒரு டிப்: தலைப்பு போட்டு தேடாதீங்க, டாக்குமெண்ட் நம்பர் போட்டு தேடுங்க. தலைப்பு போட்டா அதே மாதிரி பேர்ல நூறு வந்து நிக்கும், நம்பர் போட்டா நேரா அதே வந்துடும். அதுக்காகத்தான் கீழ ரிப்போர்ட்டுங்களுக்கு நம்பர் குடுத்திருக்கேன்.

நெட் நல்லா இருக்கற நாள்லயே எல்லாத்தையும் எறக்கி வச்சுக்கோங்க. கூடலூர், தேவாலா பக்கம் இருக்கறவங்களுக்கு சொல்லவே வேணாம், ஜூன்ல மழை புடிச்சா கரண்டும் இருக்காது சிக்னலும் இருக்காது. முழு புக்கையும் பிரிண்ட் போட்டு காச கரியாக்காதீங்க, ஒவ்வொண்ணுலயும் டேட்டா ரிடக்ஷன் (பறந்து எழுதின நம்பர கணக்கு போட்டு சுருக்கறது) பக்கங்கள மட்டும் ஜெராக்ஸ் கடைல குடுத்து ஸ்பைரல் போட்டுக்கோங்க, பென்சில் புடிச்சு படிக்க வேண்டியது அந்த பக்கங்கதான்.

முதல் படி: அடிப்படை, சீக்கிரமா முடிங்க

ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் துலாபுர்கராவோட ஃப்ளைட் டைனமிக்ஸ் நோட்ஸ் என்பிடெல்ங்கற இலவச ஆன்லைன் பாட தளத்துல ரெண்டு பாகமா இருக்கு, முதல் பாகம் பெர்ஃபார்மன்ஸ், ரெண்டாவது ஸ்டெபிலிட்டி அண்ட் கண்ட்ரோல். இப்ப முதல் பாகம் போதும். பொறுமையா, ஒரு ஸ்டெப் கூட விடாம போட்டிருப்பாரு, நம்ம ஊர் பசங்களுக்கு அதுதான் வேணும்.

அதோட கூடவே ஹர்ட் எழுதின "ஏரோடைனமிக்ஸ் ஃபார் நேவல் ஏவியேட்டர்ஸ்". அமெரிக்க நேவி பைலட்டுங்களுக்காக 1960கள்ல எழுதினது, பழசுதான், ஆனா படம் போட்டு விளக்கற விதத்துல இன்னும் அதுக்கு ஈடு இல்லன்னு நான் சொல்லுவேன். கணக்கு கம்மி, புரிதல் ஜாஸ்தி.

கை வேலை: வேகம் எக்ஸ் பக்கம், டிராக் (காத்தோட எதிர்ப்பு) ஒய் பக்கம்னு ஒரு கிராஃப் ஷீட்டுல போடுங்க. பாரசைட் டிராக் (விமானம் காத்த கிழிச்சு போறதால வர்றது) வேகத்தோட வர்க்கத்துல ஏறும், இண்டியூஸ்டு டிராக் (இறக்கை தூக்கறதால வர்றது) வேகத்தோட வர்க்கத்துக்கு தலைகீழா எறங்கும், ரெண்டையும் கூட்டினா கிண்ணம் மாதிரி ஒரு வளைவு வரும், ரெண்டும் சமமா இருக்கற எடத்துலதான் கிண்ணத்தோட அடி. அந்த வேகத்துலதான் லிஃப்ட்-டிராக் ரேஷியோ உச்சம். இந்த வளைவ கண்ண மூடிட்டு வரைய வந்துட்டா இந்த படி முடிஞ்சுது.

ரெண்டாவது படி: ஏர்டேட்டா. இங்கதான் டைம் செலவு பண்ணணும்

ஏர்டேட்டான்னா காத்தோட பிரஷர வச்சு அளக்கற வேகமும் உயரமும். ரெண்டே ரெண்டு டாக்குமெண்ட். முதல்ல நாசா டிஎம்-104316, ஹேரிங் எழுதினது, 1995. சின்னது, ஏர்டேட்டா அளக்கறது, கேலிபரேட் பண்றது பத்தி சுருக்கமா எல்லாம் இருக்கும். அத முடிச்சிட்டு நாசா ஆர்பி-1046, வில்லியம் க்ரேசி, 1980. இது பெரிசு, வேகத்தையும் உயரத்தையும் அளக்கறத பத்தி மட்டுமே ஒரு முழு புத்தகம், பிட்டாட் ட்யூப் (எதிர்க்காத்து நேரா அடிக்கற குழாய்) எங்க வைக்கணும், ஸ்டாடிக் ஓட்டை (சும்மா நிக்கற காத்தோட பிரஷர எடுக்கறது) எங்க போடணும், மூக்கு முன்னாடி வச்சா எவ்ளோ தப்பு, பாடில வச்சா எவ்ளோ தப்புன்னு அளந்து அளந்து போட்டிருப்பாரு.

மலைல இருக்கறவங்களுக்கு இந்த படில ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. கீழ இருக்கறவன் உயரத்துக்கு விமானம் ஏறணும், நமக்கு பஸ் போதும்.

முதல் சோதனை, உயரம். பாரோமீட்டர் சென்சார் இருக்கற போன் வேணும், எல்லா போன்லயும் இருக்காது, செக் பண்ணிக்கோங்க. நம்ம மலை ரயில் ஸ்டேஷன் போர்டுகள்ல கடல் மட்டத்துல இருந்து எத்தன மீட்டர்னு எழுதி இருக்கும், மேட்டுப்பாளையம் சுமார் 330, குன்னூர் 1,710 சொச்சம், ஊட்டி 2,200 சொச்சம். போர்டுல இருக்கற நம்பர அப்படியே எழுதிக்கோங்க. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் போன் காட்டற பிரஷர, ஹெக்டோபாஸ்கல்ல, எழுதுங்க. ரயில் டிக்கெட் கெடைக்காது, பஸ்லயே போய் ஸ்டேஷன் வாசல்ல எறங்கினா போதும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

வீட்டுக்கு வந்து ஸ்டாண்டர்ட் அட்மாஸ்பியர் ஃபார்முலால அந்த பிரஷர்கள உயரமா மாத்துங்க (கடல் மட்டத்துல 1013.25 ஹெக்டோபாஸ்கல், 15 டிகிரி, கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி கொறையும்). மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் நடுவுல போர்டு கணக்குல 1,870 மீட்டர் வித்தியாசம் வரணும், உங்க கணக்குல 1,780 கிட்டத்தான் வரும். 90 மீட்டர் எங்க போச்சு? போன் மேல தப்பில்ல. ஸ்டாண்டர்ட் அட்மாஸ்பியர் ஐரோப்பா-அமெரிக்கா குளிருக்கு வச்ச சராசரி, நம்ம காத்து அத விட 14 டிகிரி பக்கம் சூடு. சூடான காத்து விரிஞ்சு இருக்கும், அதனால அதே பிரஷர் எறங்கறதுக்கு இன்னும் கொஞ்சம் மேல ஏறணும், மீட்டர் கொறச்சலா காட்டும். 10 டிகிரிக்கு ஏறக்கொறைய 4 சதவீதம்னு பைலட்டுங்க மனசுல வச்சிருக்கற கணக்கு இதுதான்.

இதுல ஒரு கண்ணி இருக்கு, கவனிங்க. நம்ம பக்கம் பிரஷர் நாளுக்கு ரெண்டு தடவ ஏறி எறங்கும், காலைல 10 மணி வாக்குல உச்சம், சாயங்காலம் 4 மணி வாக்குல பள்ளம், நடுவுல 3, 4 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். ஊட்டி உயரத்துல ஒரு ஹெக்டோபாஸ்கல்னா 11 மீட்டர். அப்ப மேட்டுப்பாளையத்துல காலைல எடுத்துட்டு ஊட்டில சாயங்காலம் எடுத்தா சும்மாவே 30, 40 மீட்டர் சேந்துடும், நீங்க தேடிட்டு இருந்த 90ல பாதி பக்கம் அது முழுங்கிடும், "ஓ பரவால்லயே, சரியாத்தான் காட்டுது"ன்னு ஏமாந்துடுவீங்க. அதனால மேட்டுப்பாளையத்துல ஒரு ஃபிரண்ட உக்கார வச்சு அரை மணிக்கு ஒரு தடவ எழுத சொல்லுங்க, அவன் போனையும் உங்க போனையும் முதல்ல பக்கத்துல பக்கத்துல வச்சு வித்தியாசத்த பாத்துக்கோங்க. டவர் ஃப்ளைபைன்னு ஒரு டெஸ்ட் ஹேரிங் ரிப்போர்ட்ல வரும், விமானம் டவர ஒட்டி பறக்கும்போது அதோட உயரத்த தரைல இருந்தே தனியா அளந்து, டவர்ல எடுத்த பிரஷரோட ஒப்பிடுவாங்க. நீங்க பண்ணது அதோட தம்பிதான்.

ரெண்டாவது சோதனை, வேகம். ரெண்டு மீட்டர் ஒல்லி ப்ளாஸ்டிக் ட்யூப், கொஞ்சம் கலர் தண்ணி, ஒரு பலகை. ட்யூப யூ மாதிரி வளச்சு பலகைல ஒட்டி தண்ணி ஊத்துங்க. ஒரு முனைய ஜீப்புக்கு வெளிய முன்னால பாத்து நீட்டுங்க, காத்து நேரா உள்ள அடிக்கணும். 50 கிலோமீட்டர் வேகத்துல கீழ சமவெளில தண்ணி வித்தியாசம் 11 மில்லிமீட்டர் கிட்ட வரும். ஊட்டி மேல பைக்காரா ரோட்டுல அதே 50ல போனா 9 தான் வரும். 2 மில்லிமீட்டர் கண்ணுக்கு தெரியாதுங்கறவங்க பலகைய அஞ்சுக்கு ஒண்ணு சரிவுல சாச்சு வைங்க, 55க்கு 45ன்னு நல்லா தெரியும். டிரைவர் வேற ஆளா இருக்கட்டும், ரோடு காலியா இருக்கற விடியக்காலைல போங்க, 50க்கு மேல வேணாம், வளைவுல பண்ணவே வேணாம்.

ஜீப்போட ஸ்பீடாமீட்டர் 50ங்குது, தண்ணி வேற சொல்லுது. அடர்த்தி கொறஞ்ச காத்து கம்மியாத்தான் தள்ளும். விமானத்துல இண்டிகேட்டட் ஏர்ஸ்பீடு, ட்ரூ ஏர்ஸ்பீடுன்னு ரெண்டு வர்றது இதனாலதான். 20 டிகிரி வெயில் அடிக்கற ஊட்டில மீட்டர் 100 நாட் காட்டினா நெசமான வேகம் 115 நாட் பக்கம்.

இப்ப நல்ல எடம் வருது. ட்யூபோட இன்னொரு முனை எங்க இருக்கு? ஜீப்புக்குள்ளயா? அப்ப ஜன்னல ஏத்தி ஒரு தடவ, எறக்கி ஒரு தடவ பாருங்க, தண்ணி வேற வேற எடத்துல நிக்கும். ஏன்னா வண்டிக்குள்ள இருக்கற பிரஷர் வெளிக்காத்தோட ஸ்டாடிக் பிரஷர் கெடையாது, வண்டிய சுத்தி காத்து ஓடற விதத்துல அது மாறிடுது. பொசிஷன் எர்ரர்னு க்ரேசி பக்கம் பக்கமா எழுதறாரே, அது இதான். இத கையால பாத்துட்டு அந்த அத்தியாயத்த படிச்சா கத மாதிரி போகும், பாக்காம படிச்சா தூக்கம் வரும்.

மூணாவது படி: ஒரு டெஸ்ட் ப்ரோக்ராம் எப்படி நடக்குது

எஃப்ஏஏவோட அட்வைசரி சர்குலர் ஏசி 90-89. வீட்டுலயே விமானம் கட்டறவங்களுக்கு எழுதினது, அதனால வெட்டி பந்தா இல்லாம இருக்கும். ரன்வேல ஓட்டி பாக்கறது, முதல் ஃப்ளைட், முதல் 10 மணி நேரம், அப்புறம் எல்லைய கொஞ்சம் கொஞ்சமா விரிக்கறதுன்னு வரிசையா போகும். அங்க வீட்டுல கட்டின விமானத்துக்கு முதல் கட்டமா 25 இல்ல 40 மணி நேரம் தனியா ஒதுக்கி டெஸ்ட் பண்ணணும்ங்கறது வழக்கம், அந்த நேரத்துல எத எப்ப பண்ணணும்னு இதுல இருக்கு. ஆரம்பிக்கறவங்க ஒரே ஒரு டாக்குமெண்ட் தான் படிப்பேன்னு அடம் புடிச்சா இதத்தான் குடுப்பேன்.

பெரிய அளவுல எப்படின்னு பாக்க நேட்டோவோட அகார்ட் 300 வரிசைல 14வது வால்யூம், ஃப்ளைட் டெஸ்ட் இன்ஜினியரிங் அறிமுகம். ஆளாளுக்கு ஒரு அத்தியாயம் எழுதினதால சிலது அருமை, சிலது அறுவை. டெஸ்ட் ப்ளானிங், சேஃப்டி, இன்ஸ்ட்ருமெண்டேஷன், ரிப்போர்ட் எழுதறது, இத மட்டும் படிங்க, மத்தது தேவைப்படும்போது.

கை வேலை: ஒரு டெஸ்ட் கார்டு எழுதுங்க. பாதி பக்கத்துக்குள்ள டெஸ்டோட நோக்கம், ஆரம்ப உயரம், வேகம், எடை, என்ன பண்ணணும், எத எழுதணும், எது நடந்தா உடனே நிறுத்தணும். கடைசி வரிதான் ஒரு கார்டோட உயிர், "ஏர்ஸ்பீடு இவ்வளவுக்கு கீழ போனா நிறுத்து"ன்னு நம்பரோட இருக்கணும். "தேவைப்பட்டா நிறுத்தவும்"னு எழுதினா அது கார்டே இல்ல.

நாலாவது படி: பெர்ஃபார்மன்ஸ்

இங்க ராஜா அமெரிக்க நேவல் டெஸ்ட் பைலட் ஸ்கூலோட மேனுவல், எஃப்டிஎம்-108, 1992. ஸ்டால் ஸ்பீடு, லெவல் ஃப்ளைட், எக்ஸெஸ் பவர், திரும்பறது, ஏறறது, எறங்கறது, டேக்ஆஃப் லேண்டிங்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு அத்தியாயம். பாத்தா பயமா இருக்கும், அவ்ளோ தடி. ஆனா எல்லா அத்தியாயமும் ஒரே அச்சு: நோக்கம், தியரி, டெஸ்ட் எப்படி பறக்கறது, என்ன டேட்டா, அத எப்படி சுருக்கறது, அப்புறம் அந்த விமானத்தோட வேலைக்கு இது போதுமான்னு ஒரு தீர்ப்பு. நீங்க தியரிய தாண்டி டெஸ்ட் எப்படி பறக்கறதுங்கற பகுதிக்கு முதல்ல போங்க, பைலட் கைல என்ன பண்றான்னு தெரிஞ்சிட்டு திரும்பி வந்து தியரி படிங்க. அச்சடிச்ச வரிசைல படிச்சவங்க பாதில விட்டுட்டு ஓடினத நெறைய பாத்திருக்கேன்.

உதாரணத்துக்கு சாடூத் க்ளைம்ப். ஒரு விமானம் எந்த வேகத்துல வச்சா சீக்கிரமா ஏறும்? ஒரு நடு உயரத்த எடுத்துக்கிட்டு, அதுக்கு 500 அடி கீழ இருந்து 500 அடி மேல வர ஒரே வேகத்துல ஏறி டைம் எடுப்பாங்க, எறங்கி வந்து வேற வேகத்துல மறுபடி ஏறுவாங்க, கிராஃப்ல பாத்தா ரம்பப் பல்லு மாதிரி இருக்கும், பேரு அதுல இருந்து வந்ததுதான். காத்துக்கு குறுக்காத்தான் ஏறணும், அதுவும் ஒரு தடவ இந்த பக்கம் ஒரு தடவ எதிர் பக்கம், ஏன்னா உயரம் போகப்போக காத்தோட வேகம் மாறும், அந்த மாற்றம் விமானத்துக்கு கள்ளத்தனமா சக்தி குடுக்கும் இல்ல திருடும், ரெண்டு பக்கமும் பறந்து சராசரி எடுத்தா அது அடிபட்டுடும். எடை ஒவ்வொரு ஏத்தத்துலயும் கொறஞ்சிட்டே வரும், பெட்ரோல் எரியுதுல்ல, அதுக்கும் திருத்தம் போடணும்.

கை வேலை: டென்சிட்டி ஆல்டிட்யூட், அதாவது காத்தோட அடர்த்திய வச்சு சொல்ற உயரம். ஊட்டி 2,240 மீட்டர், 7,350 அடி, மதியம் 20 டிகிரினு வச்சு போட்டு பாருங்க. 9,500 அடி கிட்ட வரும், அதாவது இஞ்சினும் இறக்கையும் தாங்க 9,500 அடில இருக்கறதாத்தான் நெனச்சுக்கும். அதே கணக்க உங்க ஊருக்கு, பந்தலூரோ மசினகுடியோ, ஜனவரி விடியக்காலைக்கும் ஏப்ரல் மதியத்துக்கும் போடுங்க.

காசு குடுத்து புக் வேணும்னா ரெண்டு. க்ரெகரியும் லியூவும் சேந்து எழுதி 2021ல வந்த "இன்ட்ரடக்ஷன் டு ஃப்ளைட் டெஸ்டிங்", சின்ன விமானம், யூஏவி ரெண்டுக்கும் பொருந்தற மாதிரி, இந்த காலத்து டிஜிட்டல் டேட்டாவோட இருக்கும், காலேஜ் பசங்களுக்கு சரியான அளவு. இன்னொண்ணு கிம்பர்லின் எழுதின "ஃப்ளைட் டெஸ்டிங் ஆஃப் ஃபிக்ஸ்டு-விங் ஏர்கிராஃப்ட்", 2003. நல்ல புக்குதான், ஆனா விலை கைய கடிக்கும், காலேஜ் லைப்ரரில வாங்க சொல்லி எழுதி போடுங்க. ரெண்டுமே இல்லனாலும் 108 உங்கள காப்பாத்தும்.

அஞ்சாவது படி: ஹேண்ட்லிங் குவாலிட்டீஸ்

எஃப்டிஎம்-103, அதே ஸ்கூல், ஸ்டெபிலிட்டி அண்ட் கண்ட்ரோல். இதுக்கு முன்னாடி துலாபுர்கராவோட ரெண்டாவது பாகத்த முடிச்சிடுங்க, இல்லனா விமானம் ஆடற விதங்களான ஃப்யூகாய்டு, ஷார்ட் பீரியட், டச் ரோல்னு பேர் மட்டும்தான் மனசுல நிக்கும்.

ஆனா இந்த படில முத்து எதுன்னா நாசா டிஎன் டி-5153, கூப்பரும் ஹார்ப்பரும் 1969ல எழுதினது. "இந்த விமானம் ஓட்ட எப்படி இருக்கு?"ன்னு பைலட்ட கேட்டா "பரவால்ல"ம்பாரு, அத நம்பரா மாத்தறது எப்படி? 1 நல்லது, 10 மோசம். நேரா நம்பர் கேக்க மாட்டாங்க, மூணு கேள்வி கேட்டு எறங்குவாங்க: கட்டுப்பாட்டுலயாவது இருக்கா? சகிக்கற அளவு உழைப்புல வேலைய ஒப்பேத்த முடியுதா? மாத்தமே வேண்டாம்ங்கற அளவுக்கு திருப்தியா? இதுக்கு அப்புறம்தான் நம்பர்.

பழகறதுக்கு ஒரு வழி சொல்றேன். கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவு இருக்குல்ல, ஒரு வண்டிய அங்க ஓட்டறவர்கிட்ட "வண்டி எப்படிண்ணே?"ன்னு கேக்காதீங்க. முதல்ல வேலைய வரையறுங்க: வளைவுல உள்பக்க கோட்ட தாண்டாம, ஒரே மூச்சுல, ரிவர்ஸ் எடுக்காம திரும்பணும். எவ்வளவு வந்தா பிரமாதம், எவ்வளவு வந்தா ஒப்பேத்தலாம்னு எழுதி வைங்க. அப்புறம் அந்த மூணு கேள்வி. ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டி திருப்பினாலும் திரும்பிடுச்சுன்னா சரினு விட்டுடாதீங்க, எவ்வளவு மல்லுக்கட்டினாருங்கறதும் மார்க்குல சேரும், கூப்பர்-ஹார்ப்பரோட விஷயமே அதுதான். நல்ல பைலட் மோசமான விமானத்தையும் நேரா ஓட்டி காட்டிடுவான், டேட்டால எல்லாம் அழகா தெரியும், அவன் வேர்வை தெரியாது.

ஆறாவது படி: சர்டிஃபிகேஷன்

விமானத்துக்கு அரசாங்க ஒப்புதல் வாங்கறது. இது சீக்கிரம். சின்ன விமானத்துக்கு ஏசி 23-8சி, பெரிய பயணிகள் விமானத்துக்கு ஏசி 25-7டி. படிக்கற புக்கு இல்ல, தேடிப் பாக்கற புக்கு. ஸ்டால் ஸ்பீடு பகுதிய மட்டும் ரெண்டுலயும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சு பாருங்க, எடை எவ்வளவு, சிஜி (எடையோட மையம்) எங்க, வேகம் வினாடிக்கு எத்தன நாட் கொறையணும்னு எவ்வளவு நுணுக்கமா பூட்டி வச்சிருக்காங்கனு தெரியும். அதுக்கு மேல வேலைக்கு போனப்புறம் படிச்சுக்கலாம்.

ஏழாவது படி: டேட்டாவ பிழியறது

பைத்தான் தெரிஞ்சவங்களுக்கு மட்டும். பறந்து வந்த டேட்டால இருந்து விமானத்தோட ஸ்டெபிலிட்டி டெரிவேட்டிவ் (கொஞ்சம் அசைஞ்சா எவ்வளவு விசை வருதுங்கற நம்பர்) எல்லாம் கண்டுபுடிக்கறது ஒரு தனி கலை. நாசா ஆர்பி-1168, மெய்னும் இலிஃபும், 1986. இவங்க எழுத்துல எனக்கு புடிச்சது, எங்க இந்த முறை கவுத்துடும்னு ஒளிக்காம சொல்லுவாங்க. நம்ம ஊர் ஆளுங்க இதுல சளச்சவங்க இல்ல, பெங்களூரு விமான ஆராய்ச்சிக்கூடம் என்ஏஎல்ல இருந்த ராவோல், கிரிஜா, சிங் மூணு பேரும் எழுதின "மாடலிங் அண்ட் பாராமீட்டர் எஸ்டிமேஷன் ஆஃப் டைனமிக் சிஸ்டம்ஸ்" 2004ல வந்துச்சு, கணக்கு கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா உதாரணம் நெறைய.

சொந்தமா டேட்டா வேணும்னு நம்ம மலைல ட்ரோன தூக்காதீங்க. காடு, வெலிங்டன் கண்டோன்மெண்ட்னு சுத்தி வில்லங்கம், ட்ரோன் ரூல்ஸ் 2021 வந்ததுக்கு அப்புறம் டிஜிட்டல் ஸ்கை மேப்ல உங்க எடம் எந்த கலர்ல இருக்குன்னு பாக்காம எதையும் பறக்க விடக்கூடாது. கீழ எறங்கி அனுமதி இருக்கற மைதானத்துல பண்ணுங்க.

எட்டாவது படி: விபத்து அறிக்கைங்க

குன்னூர்ல விமானம் ஹெலிகாப்டர்னு பேச்செடுத்தாலே 2021 டிசம்பர் 8, ஜெனரல் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்த நஞ்சப்பசத்திரம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அது டெஸ்ட் ஃப்ளைட் இல்ல, அதனால இங்க சேக்கல. டெஸ்ட்ல நடந்ததா மூணு படிங்க, இதே வரிசைல.

எக்ஸ்-31ங்கற ஆராய்ச்சி விமானம், 1995 ஜனவரி 19. பிட்டாட் ட்யூப்ல ஐஸ் அடைச்சுது, மாட்டியிருந்த புது வகை ப்ரோப்ல ஹீட்டர் இணைக்கல, அது பைலட்டுக்கு நேரத்துல போய் சேரல. தப்பு வேகத்த நம்பி கண்ட்ரோல் கம்ப்யூட்டர் தப்பா வேலை செஞ்சு விமானம் கைய மீறுச்சு. பைலட் குதிச்சு தப்பிச்சாரு. ரெண்டாவது படில க்ரேசிய தாண்டிப் போகலாமானு யோசிச்சவங்க இத படிச்சிட்டு திரும்பி போங்க.

என்ஏஎல்லோட சின்ன பயணிகள் விமானம் சரஸ், 2009 மார்ச் 6, பெங்களூரு பக்கத்துல பிடதி. பறக்கும்போது ஒரு இஞ்சின நிறுத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ற டெஸ்ட், ரெண்டு பைலட்டும் ஒரு ஃப்ளைட் டெஸ்ட் இன்ஜினியரும் இறந்துட்டாங்க. ரீலைட் செய்முறையே தப்பு, உயரமும் பத்தலங்கறதுதான் நம்ம விமானத்துறை டிஜிசிஏவோட முடிவு. படிக்கும்போது மூணாவது படில எழுதின கார்ட எடுத்து பக்கத்துல வைங்க, "எது நடந்தா நிறுத்தணும்"ங்கற வரிய மறுபடி எழுத தோணும்.

கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650, 2011 ஏப்ரல் 2, ராஸ்வெல். நாலு பேர் இறந்தாங்க. அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பியோட அறிக்கை ஏஏஆர்-12/02. தரைய ஒட்டி இருக்கும்போது இறக்கை எந்த ஆங்கிள்ல ஸ்டால் ஆகும்ங்கறத அதிகமா மதிப்பு போட்டுட்டாங்க, நெசத்துல அத விட முன்னாடியே ஆயிடுச்சு. இதுல ரொம்ப உறுத்தறது, அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ அதே விமானத்துல இறக்கை சாஞ்சிருக்கு, ஏன்னு முழுசா தோண்டாம அடுத்த டெஸ்டுக்கு போயிருக்காங்க. டேக்ஆஃப் ஸ்பீடு டார்கெட் கெடைக்கல, ஷெட்யூல் நெருக்குது, எல்லாம் அந்த அறிக்கைல இருக்கு, கம்பெனில வேலை பாக்கறவங்களுக்கு நல்லாவே புரியும்.

வேலைக்கு போகணும்னா

இந்தியால இதுக்கு மையம் பெங்களூருதான். ஏர்ஃபோர்ஸோட விமான சோதனை மையம் ஏஎஸ்டிஇ 1972ல ஆரம்பிச்சது, அடுத்த வருஷம் டெஸ்ட் பைலட்ஸ் ஸ்கூல், அங்க பைலட்டுங்களோட ஃப்ளைட் டெஸ்ட் இன்ஜினியர்களுக்கும் கோர்ஸ் இருக்கு. நேரா காலேஜ்ல இருந்து போக முடியாது, சர்வீஸ்லயோ எச்ஏஎல், டிஆர்டிஓ மாதிரி எடத்துலயோ சேந்து அனுபவத்தோட போகணும். தேஜஸ் 2001 ஜனவரி 4 முதல் தடவ பறந்தது, அத டெஸ்ட் பண்ண நேஷனல் ஃப்ளைட் டெஸ்ட் சென்டரும் பெங்களூருலதான். அதே தேஜஸ் இப்ப நமக்கு கீழ சூலூர்ல இருக்கு. இன்டர்வியூல "சாடூத் க்ளைம்ப ஏன் ரெண்டு பக்கமும் பறக்கணும்?"னு கேட்டா பதில் சொல்ல தெரியறவங்க கம்மி, நீங்க இப்ப அந்த கம்மில ஒருத்தர்.

ஹெலிகாப்டர் ஆசை இருக்கறவங்களுக்கு, எஃப்டிஎம்-106 பெர்ஃபார்மன்ஸ், 107 ஸ்டெபிலிட்டி, அதே ஸ்கூல் அதே அச்சு. ஆனா எஃப்டிஎம்-108 புக்க ஒரு தடவ முடிக்காம அத தொடாதீங்க. மெதுவா போகும்போது ரோட்டார் கீழ தள்ளற காத்துல பிட்டாட் சொல்ற வேகத்த நம்பவே முடியாது, அதனால அங்க ரோட்டுல ஒரு காரை ஓட விட்டு அத பாத்து பக்கத்துல பறந்து வேகம் எடுப்பாங்க, அதுவும் காத்து அசையாத விடியக்காலைல.